காத்திருப்போருக்குச் சார்ஜ் போட இடம் கொடுக்கலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: வாடிக்கையாளர்கள் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ உட்கார்ந்திருக்க வேண்டிய ஒரு தொழிலை நடத்துபவர், கைபேசிக்குச் சார்ஜ் போட இடம் அமைத்துக் கொடுப்பதால் உண்மையில் பயன் உண்டா, மின்கட்டணம் ஏறிவிடாதா, வந்தவர்கள் எழுந்து போகாமல் இடத்தைப் பிடித்துக்கொள்ள மாட்டார்களா, பொது இடத்தில் சார்ஜ் போட்டால் தகவல் திருடு போகும் என்கிறார்களே, அது மெய்யா என்று கேட்டிருக்கிறார். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் மருத்துவர் அறைகளுக்கும் மின்னிணைப்புத் திட்டம் வரைந்து கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பயன் உண்டு என்பதே என் முடிவு. ஆனால் அரைகுறையாக வைப்பதைவிட வைக்காமலே இருந்துவிடலாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

முதலில் மின்கட்டணத்தைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் பெரும்பாலோர் தயங்குவது அதற்காகத்தான், தயங்கவே தேவையில்லாததும் அதுதான். இன்றைய கைபேசிகளின் பேட்டரி பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 15 முதல் 19 வாட்-மணி வருகிறது. சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாக வீணாவதையும் சேர்த்து, ஒரு கைபேசியை முழுதாக ஏற்றச் சுவரிலிருந்து 25 வாட்-மணி போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆக, ஒரு யூனிட் மின்சாரத்தில் 40 கைபேசிகள் முழுதாக ஏறும். யாரும் உங்கள் இடத்தில் பூச்சியத்திலிருந்து நூறு வரை ஏற்றப்போவதில்லை என்பதால், நடைமுறையில் எழுபது எண்பது பேருக்கு ஒரு யூனிட் போதும். உங்கள் ஊரில் ஒரு யூனிட் என்ன விலையோ அதை 40ஆல் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஆகக்கூடிய உச்சச் செலவு தெரிந்துவிடும். முழுவீச்சில் ஓடும் ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தைக் கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கைபேசிகளை நிரப்பலாம். மடிக்கணினி இதைவிட மூன்று நான்கு மடங்கு எடுக்கும். அப்போதும் பத்துப் பன்னிரண்டு மடிக்கணினிகள் சேர்ந்தால்தான் ஒரு யூனிட் ஆகும்.

செலவு உண்மையில் ஆவது வயரிங்குக்கும், கேபிளைச் செருகும் முனைகளுக்கும், அவற்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பதற்கும்தான். வரவோ கணக்குப் புத்தகத்தில் தனி வரியாகத் தெரியாது. கைபேசியில் நான்கு சதவீதம்தான் மிச்சம் என்று சிவப்புக் கோடு காட்டும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்: திரையின் வெளிச்சத்தைக் குறைப்பார், சட்டைப்பையில் போடுவார், அரை நிமிடத்தில் மறுபடி எடுத்துப் பார்ப்பார், பிறகு கதவைப் பார்ப்பார். முன்பெல்லாம் கைபேசி அணைந்தால் பேச முடியாது, அவ்வளவுதான். இன்றைக்குப் பணம் கட்டுவதும், பயணச்சீட்டும், வீட்டுக்குப் போக வண்டி பிடிப்பதும், வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதற்குள்தான் இருக்கின்றன. அணைந்த கைபேசியோடு உங்கள் கல்லாவுக்கு முன் நிற்கும் வாடிக்கையாளரால், பணம் இருந்தும், உங்களுக்கே பணம் கட்ட முடியாமல் போகலாம். அந்த ஒரு காரணத்துக்காகவாவது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முனை இருந்தாக வேண்டும் என்பேன்.

வந்தவர்கள் எழுந்து போகமாட்டார்களே என்ற கவலைக்குப் பதில் தொழிலைப் பொறுத்தது. மருத்துவர் அறை, முடிதிருத்தகம், வாகனப் பழுதுபார்ப்பு நிலையம், துணி வெளுக்கும் இடம், சேவை அலுவலகம் போன்ற இடங்களில் காத்திருப்பு வாடிக்கையாளரின் விருப்பம் அல்ல. வேலை முடிந்தால் போய்விடுவார். அங்கே சார்ஜ் முனை யாரையும் கூடுதலாக ஒரு நிமிடம்கூட உட்காரவைப்பதில்லை. உட்கார்ந்திருக்கும் நேரத்தின் எரிச்சலை மட்டும் குறைக்கிறது. இவர்கள் யோசிக்க வேண்டியதே இல்லை. உணவகம், காப்பிக் கடை போன்றவற்றில் நிலைமை வேறு, ஏனென்றால் அங்கே உணவோடு சேர்த்து விற்பது இருக்கையையும்தான். கூட்ட நேரத்தில் ஒரு நாற்காலி ஒரு மணி நேரம் கூடுதலாக அடைபட்டால் அது நட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குத் தீர்வாகச் சிலர் செய்வது தலைகீழானது. மெதுவாக ஏறும் முனையை வைத்தால் ஆட்கள் அதிகம் பயன்படுத்தமாட்டார்கள் என்று நினைத்து, இருப்பதிலேயே மலிவான முனைகளை வாங்கிப் பதித்துவிடுகிறார்கள். விளைவாக, இருபது நிமிடத்தில் எழுந்திருக்க வேண்டியவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

இதைச் சற்று விளக்கவேண்டும். கணினிக்கென வந்த பழைய யூஎஸ்பி 2.0 முனை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட் மட்டுமே தரும். அரை மணி நேரத்தில் அதிலிருந்து வருவது 1.25 வாட்-மணி, 18 வாட்-மணி பேட்டரியில் அது ஏழு சதவீதம். அந்த அரை மணி நேரமும் அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால், வந்ததில் பெரும்பகுதி திரைக்கே போய்விடும். "போட்டிருக்கிறேன், ஏறவே மாட்டேன் என்கிறது" என்று வாடிக்கையாளர் சொல்வது பெரும்பாலும் பழுதைப் பற்றி அல்ல, இந்தக் கணக்கைப் பற்றித்தான். மேசையில் பதிக்கும் மலிவான இரட்டை முனைகளில் 2.1 ஆம்பியர் என்று எழுதியிருப்பதும் பல நேரங்களில் இரண்டு முனைகளுக்கும் சேர்த்துத்தான். பக்கத்து நாற்காலிக்காரர் செருகியதும் உங்களுக்கு வருவது பாதியாகும். மாறாக, பவர் டெலிவரி என்னும் முறைப்படி இயங்கும் 20 வாட் டைப்-சி முனையில் இன்றைய கைபேசிகள் பலவும் அரை மணி நேரத்தில் பாதியளவு ஏறிவிடும். லித்தியம் பேட்டரியின் இயல்பே முதல் பாதியை விரைவாக வாங்கிக்கொண்டு, எண்பது சதவீதத்துக்கு மேல் நிதானமாக நிரம்புவதுதான். பாதி ஏறியதைக் கண்டவருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. சாப்பிட்டு முடித்ததும் கழற்றிக்கொண்டு கிளம்புகிறார். இருக்கை சீக்கிரம் காலியாக வேண்டும் என்று விரும்புபவர்தான் வேகமான முனையை வாங்கவேண்டும்.

மடிக்கணினியோடு வருபவர் வேறு வகை. அவர் வேலை செய்ய வந்திருக்கிறார். சார்ஜ் முடிந்தாலும் வேலை முடியாது. ஆகவே கூட்டம் மாறிக்கொண்டே இருக்கவேண்டிய மேசைகளில் யூஎஸ்பி முனை மட்டும் வைத்து, சுவர்ப் பிளக்கை ஓர் ஓரத்து நீள மேசைக்கும் கூட்டம் குறைந்த பகுதிக்கும் ஒதுக்கலாம். அறிவிப்புப் பலகை வைத்து ஆட்களை விரட்டுவதைவிட இது நாகரிகமானது.

எந்த வகை முனை என்பதில் இப்போது குழப்பம் பெருமளவு தீர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் கைபேசிகளுக்கு டைப்-சி கட்டாயமாகிவிட்டது. ஆப்பிள் நிறுவனமும் 2023இல் ஐபோன் 15 தொடங்கி டைப்-சிக்கு மாறிவிட்டது. ஆகவே டைப்-சியை முதன்மையாக வைப்பதில் துணிந்து பணம் போடலாம். பழைய அகல வாய் டைப்-ஏ முனையையும் ஒன்று விட்டுவையுங்கள், ஏனெனில் இன்னும் பலரது பையில் இருப்பது ஒரு பக்கம் டைப்-ஏ உள்ள கேபிள்தான். வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து ஏமாறாமல், எல்லா முனைகளிலும் ஒரே நேரத்தில் செருகினால் ஒவ்வொன்றும் எத்தனை வாட் தரும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கவேண்டாம்.

வயரில்லாச் சார்ஜ் மேடைகளைப் பற்றியும் கேட்பார்கள். இதில் ஒரு பழைய பாடம் உண்டு. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2014இல் அமெரிக்கக் கிளைகளில் பவர்மேட் என்னும் வயரில்லா மேடைகளை மேசைகளில் பதிக்கத் தொடங்கியது. அவை அப்போது போட்டியில் இருந்த தரங்களில் ஒன்றைப் பின்பற்றியவை. 2017இல் ஆப்பிள் தன் ஐபோன்களுக்குப் போட்டித் தரமான 'சீ' (Qi) முறையைத் தேர்ந்தெடுத்ததும் ஆட்டம் முடிந்தது. 2018 தொடக்கத்தில் பவர்மேட் நிறுவனமே 'சீ' கூட்டமைப்பில் சேர்ந்துகொண்டது. இன்று அந்தச் சிக்கல் இல்லை என்றாலும், வயரில்லா மேடையில் கைபேசியை வைத்துவிட்டால் கையில் எடுத்துப் பயன்படுத்த முடியாது, தடித்த உறை இருந்தால் ஏறாது, மின்சாரமும் கூடுதலாகச் சூடாகவே வீணாகும். கேபிள் கொண்டுவராதவருக்கு உதவியாக ஒன்றிரண்டு வைக்கலாம். அதை மட்டும் நம்பியிருக்கவேண்டாம்.

யாரும் முன்கூட்டி யோசிக்காத செலவு தேய்மானம். டைப்-ஏ முனை 1,500 முறை செருகி எடுப்பதைத் தாங்கினால் போதும் என்பதே அதன் தரவரையறை. டைப்-சிக்கு அது 10,000 முறை. வீட்டில் நாளுக்கு ஒரு முறை செருகினால் டைப்-ஏ நான்கு ஆண்டு வரும். உங்கள் இடத்தில் ஒரு முனையில் நாளுக்கு இருபது பேர் செருகினால் 75 நாளில் 1,500 ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு உடனே உடைந்துவிடும் என்பதில்லை. பிடிப்புத் தளர்ந்து, கேபிளை ஒரு கோணத்தில் பிடித்துக்கொண்டால்தான் ஏறும் என்ற நிலை வரும். அப்படிக் கேபிளுக்கடியில் பணப்பையை முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் வாடிக்கையாளரை நான் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். டைப்-சியிலும் அதே கணக்குக்கு 500 நாள்தான். எனவே மேசையை உடைக்காமல் முனைப்பகுதியை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய வகையை வாங்கி, மாற்று முனைகளில் நாலைந்தைக் கையிருப்பில் வையுங்கள். கேபிளையும் நீங்களே கொடுப்பதாக இருந்தால் அது இன்னும் வேகமாகத் தேயும். முனைக்குப் பக்கத்தில் கழுத்து மடங்கி, உள்கம்பி அறுந்து, மேலுறை பிரியும். பிரிந்ததை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டாமல் அன்றைக்கே தூக்கிப்போட்டுவிடவேண்டும்.

இனி, தகவல் திருட்டு. யூஎஸ்பி முனையில் மின்சாரத்துக்கான தடங்களும் தரவுக்கான தடங்களும் ஒரே வாயில் இருப்பதால் இந்த அச்சம் எழுந்தது. 2011இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் என்னும் இணையப் பாதுகாப்பு மாநாட்டில், எச்சரிக்கைக்காகவே ஒரு சார்ஜ் பெட்டியை வைத்தார்கள். பாதுகாப்பு வல்லுநர்கள் கூடும் அந்த இடத்திலேயே முந்நூறுக்கும் மேற்பட்டோர் யோசிக்காமல் கைபேசியைச் செருகினார்கள். 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் அலுவலகம் பொது இடச் சார்ஜ் முனைகளைத் தவிர்க்கும்படி ஒரு குறிப்பு வெளியிட, செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் கைபேசிகள் மாறிவிட்டன. ஐபோன்கள் 2013 முதலே இந்தக் கணினியை நம்பலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தரவுத் தடத்தைத் திறக்கின்றன. ஆண்ட்ராய்டும் 2015இன் ஆறாம் பதிப்பு முதல் சார்ஜ் மட்டும் என்ற நிலையிலேயே இணைகிறது. இந்தக் காவலையும் ஏய்க்க வழி இருப்பதாக ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள் என்பதால், மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருக்கவேண்டும் என்ற அறிவுரை இன்னும் செல்லும். என்றாலும், ஆய்வகத்தில் செய்து காட்டப்படுவதற்கும் கடையில் அன்றாடம் நடப்பதற்கும் உள்ள தூரம் பெரியது.

இதில் நடத்துபவரின் பொறுப்பு எளிமையானது: முனைக்குப் பின்னால் கணினியோ திரையோ எதுவும் இணைந்திருக்கக் கூடாது. சுவரிலோ மேசையிலோ பதிக்கும் சாதாரணச் சார்ஜர் முனைக்குப் பின்னால் இருப்பது மின்மாற்றிச் சுற்று மட்டுமே. அங்கே திருடிக்கொண்டு போக யாரும் இல்லை. டைப்-சியில் எத்தனை வாட் வேண்டும் என்று கைபேசியும் சார்ஜரும் பேசிக்கொள்வது தரவுத் தடத்தில் அல்ல, அதற்கென உள்ள தனித் தடத்தில். ஆகவே தரவுத் தடமே இல்லாத கேபிளிலும் வேகச் சார்ஜ் கிடைக்கும். விளம்பரத் திரையோடு, கைபேசி எண்ணைப் பதிந்தால்தான் திறப்பேன் என்று அடம்பிடிக்கும் பெட்டிகளை இலவசமாக வைத்துத் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். அவர்களுடைய பெட்டி உங்களுக்கு இலவசம். விலையைத் தன் தகவலாகக் கொடுப்பவர் உங்கள் வாடிக்கையாளர். நான் வேண்டாம் என்றே சொல்வேன். எல்லா அச்சத்துக்கும் எளிய விடை, யூஎஸ்பி முனையோடு சாதாரணச் சுவர்ப் பிளக்கும் ஒன்று வைப்பது. சந்தேகப்படுபவர் தன் சார்ஜரைத் தானே செருகிக்கொள்வார்.

எங்கே வைப்பது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், பலரும் கோட்டைவிடுவதும் அதில்தான். ஒரு காத்திருப்புக் கூடத்தில் நான் கண்ட காட்சி மனத்தில் நிற்கிறது. பெருக்கும் இயந்திரத்துக்காகத் தரையை ஒட்டி வைத்த ஒற்றைப் பிளக், பூந்தொட்டிக்குப் பின்னால் இருந்தது. கையில் குழந்தையோடு ஒரு பெண், கேபிள் நீளம் போதாததால், தொட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் இருபது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஒருவர் உட்கார்ந்தபடி, கையிலிருந்து கைபேசியை விடாமல், ஒரு மீட்டர் கேபிளில் எட்டக்கூடிய இடமே சார்ஜ் முனைக்கான இடம். நாற்காலிகளுக்கு இடையிலுள்ள சிறு மேசை, நீளிருக்கையின் முன்பக்கப் பட்டை, சுவரில் அமர்ந்தவரின் முழங்கை உயரம் ஆகியவை பொருந்தும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்த உயரம் எட்டும். செவித்துணைக் கருவி, மின்சாரச் சக்கர நாற்காலி போன்றவற்றை நம்பியிருப்பவர்களுக்குப் பேட்டரி என்பது வசதி அல்ல, தேவை. நடைபாதையின் குறுக்கே கேபிள் ஓடும்படி எங்கும் வைக்காதீர்கள். யாராவது தடுக்கினால் விழுவது கைபேசி மட்டும் அல்ல.

கைபேசியைக் கல்லாவில் வாங்கி வைத்துச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது நல்ல மனத்தோடு செய்யப்படும் மோசமான ஏற்பாடு. ஒரே மாதிரிக் கறுப்புக் கைபேசிகள் நாலு வரிசையாகக் கிடக்கும்போது மாறிப்போவதும், திரையில் முன்பே இருந்த விரிசலுக்கு உங்கள் ஊழியர் பதில் சொல்வதும் நடக்கும். கைபேசி உரியவரின் கண்பார்வையிலேயே இருக்கட்டும். அவரவர் பொருளுக்கு அவரவரே பொறுப்பு என்று ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. பூட்டும் பெட்டி வகைகள் உடற்பயிற்சிக்கூடம் போன்ற இடங்களுக்கு ஏற்றவை. வாங்கினால் காற்றோட்டத் துளைகள் உள்ளதை வாங்குங்கள், ஏனெனில் மூடிய பெட்டிக்குள் சார்ஜ் ஏறும் லித்தியம் பேட்டரி சூட்டை வெளியேற்ற வழி இல்லாமல் தவிக்கும். வீங்கிய பேட்டரியால் முதுகு பிளந்த கைபேசியையோ பவர் பேங்கையோ யாராவது செருக வந்தால் மறுத்துவிடும்படி ஊழியர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

மின்பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கவே கூடாதவை உண்டு. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகி நீட்டுவது தற்காலிகம் என்று தொடங்கி நிரந்தரமாகிவிடும்; கைபேசிகளின் சுமை சிறியதுதான், ஆனால் கடைசிப் பெட்டியில் ஒரு நாள் யாராவது கெட்டிலையோ ஹீட்டரையோ செருகுவார். எனவே சார்ஜ் முனைகளுக்குத் தனி மின்சுற்று இழுத்து, அதற்கென்று, சுமை மிஞ்சினால் தானே துண்டிக்கும் எம்சிபியும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பானும் போடவேண்டும். எர்த் இணைப்பை அளந்து பார்க்கவேண்டும், இருப்பதாக நம்பிவிடக் கூடாது. பானங்கள் சிந்தும் மேசைகளில் முனையை மேற்பரப்பில் மேல்நோக்கிப் பதிக்காமல், விளிம்புக்கு அடியில் பக்கவாட்டில் வையுங்கள்.

ஊர் முழுக்க மின்சாரம் போன நாளில் இந்த ஏற்பாடு வேறோர் உருவம் எடுக்கும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க் பகுதியை இருளில் தள்ளியபோது, மின்சாரம் இருந்த கடைகளிலும் வங்கிகளின் முன்கூடங்களிலும் மக்கள் கைபேசிகளோடு கூடினார்கள். 2022 நவம்பரில் உக்ரைன் அரசு, மின்வெட்டில் தவித்தவர்களுக்காக வெப்பமும் இணையமும் சார்ஜ் வசதியும் உள்ள இடங்களை நாடெங்கும் திறந்தது. உங்களிடம் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருந்தால், சார்ஜ் முனைகளின் மின்சுற்றையும் அதில் சேர்த்துவிடுங்கள். இத்தனை சிறிய சுமையை அது உணரக்கூட உணராது.

கட்டணம் வாங்கலாமா என்றால், வேண்டாம். மேலே போட்ட கணக்கின்படி வசூலிக்க ஒன்றும் இல்லை. வசூலிக்கும் இயந்திரத்துக்கும் அதற்கான தகராறுகளுக்கும் ஆகும் செலவே மின்சாரத்தைவிட அதிகமாக இருக்கும். எடுத்துக்கொண்டு போய் வேறோர் இடத்தில் திருப்பித் தரக்கூடிய வாடகைப் பவர் பேங்க் தனித் தொழில். அந்தப் பெட்டியை வைக்க இடம் கேட்டால் கொடுக்கலாம், அதற்காக உங்கள் இலவச முனையை எடுத்துவிடாதீர்கள்.

தொடங்கும்போது எல்லா இருக்கைகளுக்கும் செய்யவேண்டாம். ஆறேழு இருக்கைகளுக்கு மட்டும் செய்து, ஒரு மாதம் பார்த்து, எந்த முனை எந்நேரமும் நிறைந்திருக்கிறது, எது தொடப்படாமல் கிடக்கிறது என்று கண்டபிறகு மீதியை முடிவு செய்யலாம். சிறு யூஎஸ்பி மீட்டர் ஒன்றை வாங்கி, வாரம் ஒருமுறை கடை திறக்கும்போது ஒவ்வொரு முனையிலும் கைபேசியோடு சேர்த்துச் செருகி, எத்தனை வாட் போகிறது என்று யாராவது ஒருவர் பார்க்கட்டும். பழுதானதைச் சரிசெய்யும்வரை அடைத்து வையுங்கள். இல்லாத முனையை யாரும் குறை சொல்வதில்லை, ஆனால் செருகி வைத்து அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, அதே நான்கு சதவீதத்தைக் கண்டவர் அதை எளிதில் மறக்கமாட்டார்.